கெபிக்குப் பின்னால் பூத்த நீலம்

சனிக்கிழமை காலைகளில் ஜொவிட்டா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்கு வருவாள். மாதா சிலை நிற்கும் கற்குகையான கெபிக்குப் பக்கத்துக் குழாயில் காலில் அப்பியிருக்கும் சேற்றைக் கழுவிவிட்டு, மாதாவின் பாதத்தில் நீலப்பூத் தண்டுகள் இரண்டு மூன்றை வைப்பாள். பூசைக்கு வருகிறவர்கள் பல வருடங்களாக இதைப் பார்த்துப் பழகியவர்கள். யாராவது ஏதாவது கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அந்தப் பூ கோட்டூர்புரத்தில், ஆற்றங்கரையை ஒட்டிய குட்டையில் பூத்தது. ஏழாவதோடு அவள் பள்ளியை விட்டுவிட்டாள். அம்மா வீட்டு வேலைக்குப் போக, தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. ஹவுஸிங் போர்டு வீட்டின் ஒற்றை அறையில் அவர்களை அடைத்துவைக்க முடியாமல் குட்டைக்குக் கூட்டிப்போவாள். எருமைகள் கழுத்துவரை மூழ்கிக் கிடக்கும். தம்பிகளும் அவர்களுடைய கூட்டாளி டெரிக்கும் தவளை பிடிப்பார்கள். அவள் கரையில் உட்கார்ந்து பூக்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். மழை பிடித்துவிட்டால் ஓரச் சேற்றில் இதய வடிவ இலைகள் நெருக்கியடித்து நிற்கும், நடுநடுவே கொத்துக்கொத்தாக நீலம். கெபியில் நிற்கும் மாதாவின் முக்காட்டுக்கும் அதே நீலம்தான். அதனால் அவர்கள் வீட்டில் அதற்கு மாதா பூ என்றே பேர்.

மாதாவுக்கு வைத்ததைக் குப்பையில் போடும் வழக்கம் அந்தக் கோயிலில் இல்லை. வாடியதை மண்ணில்தான் புதைக்க வேண்டும். ஜொவிட்டா கெபிக்குப் பின்னால், குழாய்த் தண்ணீர் ஓடித் தேங்கும் பள்ளத்தில் புதைப்பாள். கல்யாணமாகி, ஆழ்வார்பேட்டைத் தையல் கடையில் காஜா எடுக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் சனிக்கிழமைப் பூ நிற்கவில்லை.

குட்டைதான் சுருங்கிக்கொண்டே வந்தது. அடுக்குமாடிகள் வந்தன, எருமைகள் போயின, சாக்கடை வந்து கலந்தது, ஆகாயத்தாமரை தண்ணீரை மூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலின் பங்கு மக்களும் குடியிருப்புக்காரர்களும் சேர்ந்து குட்டையைச் சுத்தம் செய்தார்கள். தவளை பிடித்த டெரிக் அதற்குள் பங்குப் பேரவைச் செயலாளராகியிருந்தான். ஆகாயத்தாமரையை வாரியவர்கள் ஓரத்துச் செடிகளையும் சேர்த்தே பிடுங்கினார்கள். இரண்டும் நீலமாகப் பூப்பவை, பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். "அது வேற, டெரிக்கு," என்றாள் ஜொவிட்டா. மண்ணள்ளும் வண்டியின் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் இன்னொரு தரம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மதியத்துக்குள் கரை மொட்டையாகிவிட்டது. எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மழைக்குப் பூ வரவில்லை. பிறகு கரையைச் சுற்றி டைல்ஸ் பதித்து நடைபாதை போட்டார்கள். அப்புறமும் சனிக்கிழமைகளில் குட்டைக்குத் திரும்பும் இடம் வந்ததும் அவள் கை தானாகச் செருப்பைக் கழற்றிவிடும். டைல்ஸ்மேல் வெறுங்காலோடு நடந்து, கோயில் குழாயில் சுத்தமான கால்களைக் கழுவுவாள். கையில் பூ இருக்காது.

போன வருடம், மாதா திருநாளுக்கு முந்தின வாரம், கெபிக்குப் பின்பக்கம் பெருக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பள்ளத்தில் இதய வடிவ இலைகள். அவற்றுக்கிடையே ஒரு தண்டு நீலமாகப் பூத்திருந்தது.

அன்றைக்குத்தான் பள்ளத்தைத் தூர்த்து சிமென்ட் போட்டு, மெழுகுவர்த்தி ஸ்டாண்ட் வைப்பதாக ஏற்பாடு. கொசுத் தொல்லை என்று பலர் புகார் சொல்லியிருந்தார்கள். டெரிக் இரண்டு ஆட்களோடு ஜல்லிக்கூடையைக் கொண்டுவந்தான்.

"ஒத்திக்கோக்கா. கொசு குடும்பம் நடத்திக்கினு கீது இங்க."

ஜொவிட்டா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கி நின்றாள்.

"இதுல கொட்டாத, நைனா."

ஆட்கள் சிரித்தார்கள். "பூசையிலயே வாய தொறக்க மாட்ட," என்றான் டெரிக். "இன்னிக்கு இன்னா ஆச்சு?"

"அன்னிக்கு குட்டைல ஒரு தபா சொன்னேன். உன் காதுல வுழல. நானும் வுட்டுட்டேன். இன்னிக்கு நீ கேக்கற வரிக்கும் சொல்லிக்கினேதான் இருப்பேன்."

டெரிக் குனிந்து பூவைப் பார்த்தான். அப்புறம் கூடையை இறக்கிவைக்கச் சொல்லிவிட்டு, கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தரும் கயலுக்குப் போன் போட்டான். கயல் பெசன்ட் நகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேரும்வரை ஜொவிட்டா பள்ளத்தை விட்டு ஏறவில்லை.

கயல் அதைக் கருங்குவளை என்றாள். இந்தப் பக்கம் அவள் தேடிப் பார்த்துக் கைவிட்ட செடி அது. விதை சேற்றில் பல வருடம் காத்துக்கிடக்குமாம். ஆனால் கோயிலுக்குள் எப்படி வந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஜொவிட்டா வாடிய தண்டுகளைப் புதைத்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். டெரிக் குழாயைப் பார்த்தான், அங்கிருந்து பள்ளத்துக்கு ஓடும் வாய்க்காலைப் பார்த்தான், கடைசியில் அவள் காலைப் பார்த்தான்.

"கால் கழுவியே நட்டுட்டியாக்கா நீ."

ஜொவிட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மெழுகுவர்த்தி ஸ்டாண்ட் கெபியின் மறுபக்கம் போனது. கொசுவுக்காகப் பள்ளத்தில் சின்ன மீன்கள் விட்டிருக்கிறார்கள். கயல் கொஞ்சம் செடிகளைக் கொண்டுபோய்க் குட்டை ஓரம் நட்டுப் பார்த்தாள், பிழைக்கவில்லை. இப்போது கருங்குவளை இருப்பது கெபிக்குப் பின்னால், ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தில் மட்டும்தான். ஜொவிட்டா அதைப் பறிப்பதில்லை. சனிக்கிழமைகளில் மாதாவுக்குச் சாமந்தி வைக்கிறாள்.