பச்சை வழியில் நின்றவர்

குணசேகருக்கு எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. மஸ்கட்டில் மகள் சங்கமித்ரா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டுப் பெங்களூரு திரும்பியிருக்கிறார். போகும்போதும் வரிசை, வரும்போதும் வரிசை. ஒருவன் கட்டைவிரலை வை என்கிறான், ஒருவன் கேமராவைப் பார் என்கிறான். இன்னொருவன் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறான், முகத்தைப் பார்க்கிறான், திரும்பவும் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறான், என்னவோ பெண் பார்க்க வந்தவன் மாதிரி! அறுபத்தெட்டு வயதில் இதெல்லாம் தேவையா? "இனிமே அவளே வரட்டும், நம்மால ஆவாது," என்று விமானத்திலேயே மனைவி தனலக்ஷ்மியிடம் சொல்லிவிட்டார்.

மஸ்கட்டிலும் ஒரு மனக்கசப்பு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மருமகன், "என்ன மாமா, அத்தன வருஷம் தங்கச் சுரங்கத்துல இருந்தீங்க, ஒரு கடுகளவு கூடவா தேத்தல?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டான். மனுஷர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் பாறை உடைத்தவர் அவர். சுரங்கத்தை மூடியபின் பெங்களூரு ஜோகுபாளையத்துக்குக் குடிவந்து, அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி வேலை பார்த்துத்தான் மகளை நர்சுக்குப் படிக்க வைத்தார். எந்த வேலைக்கும் முகம் சுளிக்கமாட்டார். வீட்டுவேலை முடித்துப் போகும் பெண்களின் பையைத் திறந்து பார்க்கச் சொன்னால் மட்டும், முடியாது என்று நிற்பார். சொத்து என்று அவரிடம் இருந்தது ஒரே ஒரு பேச்சுதான்: "குணசேகர் கை சுத்தம்." அதைப் போய்க் கிண்டல் செய்தால் வலிக்காதா? மறுநாள் மகள் ஒரு மோதிரம் வாங்கிவந்து நீட்டினாள். "வேணாம்மா, அந்தச் சனியனே வேணாம்," என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது, பெட்டிகளும் வந்து சேர்ந்தன. வெளியே போக இரண்டு வழி. வரி கட்டவேண்டிய சாமான் இருப்பவர்களுக்குச் சிவப்பு, இல்லாதவர்களுக்குப் பச்சை. எல்லோரும் பச்சை வழியில் கடகடவென்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தனலக்ஷ்மியும் கைப்பையோடு முன்னால் போய்விட்டாள். குணசேகர் மட்டும், வழியோரம் இருந்த யூனிஃபாரத்தைப் பார்த்ததும் நின்றார். யாரும் நிறுத்தவில்லை, தானாகவே நின்றார். அட, நடந்துகொண்டே இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? நின்றால்தானே சந்தேகம்!

சுங்க அதிகாரி ஹரிஷ்குமாருக்கு சங்கமித்ரா வயதுகூட இருக்காது. "யாக்கஜ்ஜா நிந்த்ரி? சின்ன இதியா?" என்று கன்னடத்தில் கேட்டார். ஏன் தாத்தா நின்றீர்கள், தங்கம் இருக்கிறதா என்ற கேள்வி காதில் விழுந்ததுதான் தாமதம், பெரியவரின் உடம்பு தன்பாட்டில் இயங்க ஆரம்பித்தது. செருப்பைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினார். சட்டைப்பையை வெளியே இழுத்துவிட்டார். தலைமுடியைக் கோதிக் காட்டினார். இரண்டு கையையும் தூக்கி விரல்களை விரித்தார். பிறகு வாயைத் திறந்து நாக்கை மேலே மடித்தார்.

ஹரிஷ்குமார் ஆடிப்போனார். சொல்வதற்கு முன்னாலேயே சோதனைக்கு நிற்கிறவர் யாராக இருக்கமுடியும்? தங்கம் கடத்தி, மாட்டி மாட்டிப் பழகியவர்தானே! பெரியவரை அறைக்குள் கூட்டிப்போனார்கள்.

பெட்டியைக் கவிழ்த்தார்கள். பேரீச்சம்பழம், தைலம், பேரன் வரைந்த படம், மடித்த வேட்டி. கருவியை வைத்து உடம்பை மேலும் கீழும் தடவினார்கள். எத்தனை தடவை போய்வந்தீர்கள், யார் அனுப்பியது, எதையாவது விழுங்கியிருக்கிறீர்களா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். "மொதல் தடவ சார், பொண்ணு வீடு சார்," என்பதையே அவர் திருப்பித் திருப்பிச் சொன்னார். கூசிப்போய்விட்டது அவருக்கு. கால் வேறு கடுத்தது, உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்றும் கிடைக்காமல் போகவே, இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார் ஹரிஷ்குமார்.

"கோலார்ல சார். ஷிஃப்ட் முடிஞ்சு மேல வந்தா, கேட்ல இப்படித்தான் நிக்கணும். தெனமும்."

அதிகாரி வேட்டியைத் தானே மடித்துப் பெட்டியில் வைத்தார். "போங்கஜ்ஜா, தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் தனக்குத் தெரிந்த தமிழில்.

வெளியே தனலக்ஷ்மி தவித்துப்போய் நின்றிருந்தாள். "எங்க போயிட்டீங்க? உசுரே போயிடுச்சு எனக்கு. என்னா கேட்டாங்க?"

"தங்கம்."

"நம்மகிட்டயா? அவுங்களுக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு? ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா எவன் நம்புறான்? அன்னிக்கும் தேடுனாங்க, ஒண்ணும் கெடைக்கல. இன்னிக்கும் தேடுனாங்க, ஒண்ணும் கெடைக்கல." அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். "சாகுற வரைக்கும் திருடன்தான்னு தெரிஞ்சிருந்தா, அப்பவே கொஞ்சம் எடுத்திருப்பேன், தனம்."