வெறுங்கை அபாயா

முனவ்வறாவின் குரலைக் கேட்டவர்கள் எங்கள் ஒழுங்கை வீடுகளில் குறைவு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பெண்கள் உடுப்புக்கு மேலே போடும் நீள அங்கியான அபாயா தைக்கத் தொடங்கியவள். அளவெடுக்கும்போதுகூடத் தலையாட்டுவதோடு சரி. நான் பக்கத்து வீடு. அபாயாக் கைகளில் வைக்க அவளுக்கு மணி கோத்துக் கொடுப்பேன்.

போன மாதம் அவளுடைய தம்பி இன்பாஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டான். சத்திரசிகிச்சைக்கு ஓ வகை இரத்தம் வேண்டும். இரத்த வங்கியில் கையிருப்பு இல்லை. பாடசாலை மண்டபத்தில் இரத்ததான முகாம் வைத்தார்கள். தைத்து முடித்த அபாயாக்களைக் கடைக்குக் கொடுக்கப் போகும் வழியில் நாங்களும் அங்கே போனோம்.

ஓ வகைக்காரர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். முதல் ஆள் மீன் வியாபாரி ஆதம்பாவா காக்கா; மூத்த ஆண்களை அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்போம்.

"ஏன் மிஸ், இன்பாஸுக்கு எங்கட ஓ-தான் வேணுமா?"

பாண்டிருப்பு ஊரிலிருந்து வந்திருந்த தாதி கிருசிகா விளக்கினாள்: "சிவப்பணுவுக்கு மேல சீனிச் சங்கிலி இருக்கு. அதுட நுனியில ஏ-க்கு ஒரு சீனி, பி-க்கு வேறொரு சீனி. ஓ-வுக்கு அந்தக் கடைசிச் சீனி இல்ல. அதப் பாத்துத்தான் உடம்பு ஆள அடையாளம் பிடிக்குது."

காக்கா எழும்பிவிட்டார். "சீனி குறைவா? சீனி குறைஞ்சுதான் எங்கட மாமி சந்தைக்குள்ள மயங்கி விழுந்தவ. இருக்கிற இரத்தத்தையும் எடுத்தா நானும் விழுந்திருவன்!"

மற்ற மூவரும் செருப்பைத் தேடினார்கள். "அது வேற சீனி ஐயா" என்று கிருசிகா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

முனவ்வறா எழுந்தாள். பையிலிருந்து மூன்று அபாயாக்களை எடுத்து மேசையில் விரித்தாள். மூன்றும் ஒரே கறுப்புத் துணி. ஒன்றின் கை விளிம்பில் வெள்ளை மணி, இன்னொன்றில் பொன்மணி, மூன்றாவதில் ஒன்றும் இல்லை.

"காக்கா, இது ஏ, இது பி. மணிதான் அந்தச் சீனி. இந்த வெறுங்கை அபாயா ஓ. மணி இல்லயெண்டு இதுல துணி குறைவா?" வெறுங்கையைக் காக்காவின் பக்கம் தள்ளினாள். "இன்பாஸ்ட உடம்புக்கு வெறுங்கையத்தான் தெரியும். மணி வெச்சது உள்ள போனா, ஆரோ புது ஆளெண்டு அடிச்சு உடைச்சிரும்."

"ஓம், அப்படித்தான்" என்றாள் கிருசிகா.

காக்கா துணியைத் தடவிப் பார்த்தார். "அப்ப நான் வெறுங்கையன் எண்டுறாய்?"

"ஓம் காக்கா. வெறுங்கையோட வந்தாலும் குடுக்க ஒண்டு இருக்கு."

மண்டபமே சிரித்தது. காக்கா சட்டைக் கையை மடித்துக்கொண்டு கட்டிலில் ஏறினார். மாட்டிய செருப்பை மற்றவர்களும் கழற்றினார்கள். யாரும் மயங்கவில்லை. தேத்தண்ணிக்கு மட்டும் காக்கா இரண்டு கரண்டி சீனி கூடக் கேட்டார்.

மூன்றாம் நாள் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கண்விழித்த இன்பாஸ், "ஆருட இரத்தம் ராத்தா?" என்று கேட்டான்.

"வெறுங்கையோட வந்தவங்கட" என்றாள் முனவ்வறா, அடுத்த கட்டிலுக்கும் கேட்கும்படி.