மெஷின் நின்றால் பாட்டும் நிற்கும்

என் அண்ணியை யாராவது "பாவம்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில் சலவைப் பிரிவையே கட்டி மேய்க்கிறவர் அவர். ஈரமான படுக்கை விரிப்புகளை மெஷினிலிருந்து ஒற்றை ஆளாக உருவிப் போடும் அந்தக் கைகள் டிரம்ஸ் அடித்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ராக் பேண்டில் மூன்றே பேர். அண்ணி டிரம்ஸ். அந்த ஹோட்டலின் சலவை வேனை ஓட்டும் என் அண்ணன் பேஸ் கிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டே தொண்டை தேய்ந்த நான் பாட்டு, கூடவே கிட்டார். சாயங்காலம் அண்ணியின் வேலை முடிந்ததும் சலவை அறையிலேயே ஒத்திகை. ஹோட்டல் மேலாளர் அதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"பெரிய மெஷின் ஓடுறப்ப என்ன வேணும்னாலும் அடிச்சுக்கங்க. அது நின்னப்புறம் மாடியில ஒரு சத்தம் கேக்கக் கூடாது."

அதனால் மெஷின் நின்ற அந்த நொடியே நாங்களும் நின்றுவிடுவோம். அண்ணன் விரல் அந்தரத்தில் இருக்கும், என் வாயில் பாதிச் சொல் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் காது கூடத் தேவையில்லை. தரையின் அதிர்வு அடங்கினால் உள்ளங்கால் சொல்லிவிடும். வருஷக்கணக்காக இதே பிழைப்பு.

போன வாரம் மேலாளர் அண்ணியை அழைத்து, திங்கட்கிழமையிலிருந்து சாயங்கால ஷிஃப்டுக்கு மாறச் சொன்னார்.

"சாயங்காலம் பேண்டு இருக்கே சார்."

"இத்தனை வருஷத்துல உங்கள வாசிக்கச் சொல்லி யாராவது ஒருத்தர் கூப்பிட்டிருக்காங்களாம்மா? கூப்பிடட்டும், அப்புறம் உங்க ஷிஃப்டை நான் தொடவே மாட்டேன்."

அண்ணி வீட்டுக்கு வந்ததும் டிரம்ஸ் குச்சிகளை எடுத்துச் சமையலறையில் கரண்டிகளோடு போட்டுவிட்டார். பேண்டு முடிந்தது. அது மூவருக்கும் தெரியும். எனக்கு அழுகையாக வந்தது.

சனிக்கிழமை மாலை, ஹோட்டலுக்குத் துவைக்க வந்திருந்த மேடைத் திரைகளை ஒப்படைக்க அண்ணனும் அண்ணியும் வேனில் ஒரு அரங்கத்துக்குப் போனார்கள். அங்கே அரங்க நிர்வாகி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அன்று வாசிக்க வேண்டிய பெரிய பேண்டின் வாத்தியங்கள் முன்னாலேயே லாரியில் வந்து மேடையேறிவிட்டன. வாசிக்கிறவர்கள் வந்த பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. ஜனம் உள்ளே வந்து உட்கார்ந்தாயிற்று.

"நாங்க வாசிக்கிறோம்," என்றார் அண்ணி.

நிர்வாகி அவரையும் அவர் தோளில் இருந்த திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க துணி கொண்டு வந்தவங்கதானேம்மா?"

"துணி வந்தாச்சு சார். இனிமே ஆளுங்கதானே வேணும்?"

"இதுக்கு முன்னாடி எங்கெல்லாம் வாசிச்சிருக்கீங்க?"

"ஒரே இடத்துலதான். ஆனா தினமும்."

வேறு வழியில்லாத மனுஷன் தலையாட்டினார். உடனே எனக்கு போன் வந்தது.

"தம்பி, கடைய விட்டுட்டு ஓடி வா."

"அண்ணி, இங்க ஒருத்தருக்குக் கண் பாத்துட்டிருக்கேன்."

"அவருக்கு நல்லாத்தான் தெரியும். நீ வா!"

அடுத்தவர் வாத்தியம், அடுத்தவர் குச்சி. அண்ணி சலவை அறை ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. முதல் பாட்டுக்குக் கைதட்டலும் இல்லை, கூச்சலும் இல்லை. முன்வரிசை ஆசாமி போனை நோண்டிக்கொண்டிருந்தார். ஒரே ஆறுதல், மேடைக்கு அடியில் ஒரு பெரிய மின்விசிறி ஓடித் தரையை அதிர வைத்துக்கொண்டிருந்தது. சொந்த வீட்டில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

இரண்டாவது பாட்டின் நடுவில் யாரோ அந்த விசிறியை அணைத்துவிட்டார்கள்.

தரை அடங்கியது. மூன்று பேரும் ஒரே அடியில் நின்றுவிட்டோம். அண்ணன் விரல் அந்தரத்தில், என் வாயில் பாதிச் சொல். அரங்கமே கப்சிப். மானம் போயிற்று என்று திரும்பிப் பார்த்தேன். தூக்கிய குச்சியோடு அண்ணி என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மைக்கில் கேட்கும்படி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த கையோடு ஓங்கி ஒரு அடி! விட்ட பாதிச் சொல்லிலிருந்தே நான் பிடித்துக்கொண்டேன்.

அரங்கம் எழுந்து நின்றுவிட்டது. மூன்று பேர் ஒரு மயிரிழை பிசகாமல் அப்படி நிற்பதற்கு எத்தனை நாள் பழகியிருப்பார்களோ என்று நினைத்திருப்பார்கள். நினைத்ததில் தப்பும் இல்லை, வருஷக்கணக்காகப் பழகியதுதானே! அப்புறம் அண்ணிக்குக் குஷி பிறந்துவிட்டது. ஒவ்வொரு பாட்டிலும் தோன்றிய இடத்தில் குச்சியைத் தூக்கினார். நாங்கள் நின்றோம், ஜனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அடி விழுந்ததும் கூரை பிய்த்துக்கொண்டு போனது. பஸ் ஒருவழியாக வந்து சேர்ந்தபோதும் எங்களை இறங்க விடவில்லை. அந்தப் பெரிய பேண்டுக்காரர்களே மேடையோரம் நின்று கைதட்டினார்கள். போனை நோண்டிய ஆசாமி நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார்.

இறங்கியதும் நிர்வாகி ஓடி வந்தார். "அடுத்த மாசமும் நீங்க வரணும். ஆனா எல்லாமே சாயங்கால நிகழ்ச்சிதான். உங்களுக்கு வேலை எதுவும் இருக்குமோ?"

"சாயங்காலம் எனக்கு எந்த வேலையும் இல்ல சார்," என்றார் அண்ணி, ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

திங்கட்கிழமை காலை மேலாளர் அறைக்குள் போன அண்ணி உட்காரக்கூட இல்லை.

"கூப்பிட்டுட்டாங்க சார்," என்றார்.