அமெரிக்கக் காலில் முளைத்த சோளம்

மெடிக்கல் கோடிங் என்பது, முகம் தெரியாத அமெரிக்காக்காரருக்கு வந்த சொறி சிரங்கை இங்கே உட்கார்ந்து 'கோடு' (code) என்கிற எண்ணாக மாற்றி, அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்கும் தொழில். சென்னையில் அதையே செய்து பாதி ஆயுசைக் கழித்துவிட்டு ஊர் திரும்பி, இப்போது புதுக்கோட்டையில் ஒரு மாடியறையில் சொல்லிக்கொடுக்கிறேன். தோல் பாடத்தை நடத்தியவர்களுக்கும் அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் என் நிலைமை சொல்லாமலே விளங்கும்.

அறுவடைக் காயம்

பயிற்சிக்குக் கொடுத்த நோயாளிக் குறிப்பில் வலது பாதத்தில் 'கார்ன்' என்றிருந்தது. ஆவூரிலிருந்து படிக்க வரும் ஆரோக்கியம் அதற்கு 'ஃபாரின் பாடி', அதாவது உடம்புக்குள் புகுந்த வெளிப்பொருள், என்று கோடு போட்டிருந்தான். "என்னப்பா புகுந்துச்சு?" என்றேன். "மக்காச்சோளம் மேடம். அறுப்பு நேரத்துல மிதிச்சிருப்பாரு, பாவம்" என்றான், ஒரு விவசாயி இன்னொரு விவசாயிக்காக வருந்தும் குரலில்.

கார்ன் என்பது இங்கே சோளமில்லை, செருப்பு அழுத்தி அழுத்தித் தோல் தடித்துப்போவது, நாம் கால் ஆணி என்கிறோமே அதுதான் என்று விளக்கினேன். இரண்டு மொழியிலும் படித்தவள் நான், எனக்கே அதுவரை தோன்றாததை முதல் பெஞ்சிலிருந்து வாசுகி கேட்டாள்: "அவுங்க கால்ல சோளம், நம்ம கால்ல ஆணி. அது தோலுதான்னு கடைசிவரைக்கும் ஒருத்தரும் சொல்லலையே மேடம்!"

லூசிடம்

இந்த வாசுகி, கீரமங்கலத்தில் பூக்கமிஷன் கடை வைத்திருக்கும் வீட்டு மருமகள். "வர்ற இன்டர்வியூவுல வேலை கெடைச்சாப் போ. இல்லேன்னா கடையில வந்து ஒக்காரு" என்பது மாமியாரின் தீர்ப்பு. அவளுக்கோ வேலைக்குப் போக அப்படியொரு ஆசை. படிப்பு நன்றாக வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது, வந்தால் நிற்காது.

மேல்தோலுக்கு ஐந்து அடுக்கு: கார்னியம், லூசிடம், கிரானுலோசம், ஸ்பைனோசம், பேசாலே. மறக்காமலிருக்க வகுப்பே கூடி ஒரு வாக்கியம் கட்டியது: 'கார்ல வந்த லூசிடம் கிரானைட்காரர் ஸ்பஷ்டமா பேசலே.' அன்றிலிருந்து நான் 'லூசிடம்' என்று வாயைத் திறந்தாலே வாசுகி பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். "இன்டர்வியூவுல இப்படிச் சிரிச்சா நேரா பூக்கடைதான்!" என்று அதட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள். "லூசிடம் பேசக்கூடாதுன்னு கிரானைட்காரருக்கே தெரியுது. நீங்க ஏன் மேடம் என்கிட்டப் பேசுறீங்க?"

குளத்தூர் பஸ்

கோடிங் படிப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் வருபவரை ஆளாகப் பார்க்க மாட்டார்கள், தோலாகப் பார்ப்பார்கள். உங்களுக்கும் இருந்திருக்கும், மறைக்காதீர்கள். குளத்தூர் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கக் கை நீட்டிய கண்டக்டரின் முழங்கையில் வெள்ளைச் செதில்களைப் பார்த்த ஆரோக்கியம், தன்னை மறந்து, "எல் நாப்பது!" என்று கூவியிருக்கிறான். சொரியாசிஸுக்கு அதுதான் கோடு. கண்டக்டர் பையைத் துழாவிக்கொண்டே நிதானமாகச் சொன்னாராம்: "நாப்பதெல்லாம் வேணாம் தம்பி, குளத்தூருக்கு இருபத்தஞ்சுதான்."

நேர்காணல்

திருச்சி கம்பெனிக்காரர்கள் வீடியோவில் நேர்காணல் வைத்தார்கள். வாசுகி என் லேப்டாப்புக்கு முன்னால். முடிவைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட வந்திருந்த மாமியார், கேமராவில் விழாத மூலையில். மேல்தோலின் அடுக்குகளைக் கேட்டார்கள். இரண்டாவது அடுக்கு வந்தபோது வாசுகியின் கன்னம் இரண்டும் பணியாரமாக உப்பின, சிரிப்பை விழுங்கிவிட்டாள். அந்த அடுக்கு எங்கே இருக்கும்? "உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் மட்டுங்க. அங்கதான் தோலு தடிப்பு." எனக்கு மூச்சு வந்தது.

அப்போது பார்த்து, திரையில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த கம்பெனி அம்மாள் கேட்டார்: "இங்க ஆடிட்ல தப்புக் கண்டுபிடிச்சுத் திட்டுவாங்க. அதைத் தாங்குற அளவுக்குத் தோலு தடிப்பா இருக்கா?" அணை உடைந்துவிட்டது. "எங்க மாமியார் வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒடம்பு பூராவும் தடிப்புதாங்க!" என்று சொல்லிவிட்டு வாசுகி விழுந்து விழுந்து சிரிக்க, திரையிலிருந்த அம்மாளும் சிரித்து, திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொல்லிவிட்டு மறைந்தார்.

மூலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வாசுகிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாமியார் எழுந்தார், சேலையை உதறினார். "அங்க திட்டு வாங்குனா சம்பளமாமுல்ல! இத்தன வருசமா நான் சும்மாவுல்ல திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். போடி, போயி வேலையில சேரு!"

மாமியாரோடு ஒத்துப்போகாததற்கும் அமெரிக்காக்காரர்கள் ஒரு கோடு வைத்திருக்கிறார்கள், ஒத்துப்போனால் என்ன போடுவது என்பதைத்தான் இன்னும் யோசிக்கவில்லை.