அலுமாரிக்குள் பூட்டிய சப்பாத்து

இன்று காலை எங்கள் பிளாக்ஹவுஸ் பே வீட்டுச் சமையலறை மேசையில் இருந்தபடி, என் மகள் அமெரிக்கக் கல்லூரிக் கோச் ஒருவரோடு வீடியோவில் கதைத்தாள்.

அவள் விளையாட்டுப் போட்டிகளில் நீளம் பாய்கிறவள். பாய்ச்சலைப் பற்றித்தான் கேட்பார் என்று இருந்தோம்.

அவரோ ஹைஸ்கூல் தொடங்கியதிலிருந்து வந்த கணக்கு மார்க்ஸைக் கேட்டார். அது குறைந்தால் எவ்வளவு பாய்ந்தாலும் அணியில் இடமில்லையாம்.

நான் ரிப்போர்ட் ஃபைலைத் தூக்கிக் கமராவுக்கு முன்னால் பிடித்தேன். இவ்வளவு கெதியாக யாரும் காட்டியதில்லை என்று கோச் சிரித்தார்.

யாழ்ப்பாணத்தில் நானும் ஓடினேன். சோதனை வந்தால் அம்மா என் ஸ்பைக்ஸ் சப்பாத்தை அலுமாரிக்குள் பூட்டிவிடுவார்.

"முதல் கணக்கில பாஸ் பண்ணு. பிறகு ஓடலாம்."

சாவித் துவாரத்தில் மூக்கை வைத்து ரப்பர் வாசம் பிடிப்பேன்.

கடைசிச் சோதனையில் கணக்கு பாஸ். அலுமாரியும் திறந்தது. அதற்குள் வளர்ந்துவிட்ட கால்தான் சப்பாத்துக்குள் போகவில்லை.

மகளிடம் சொன்னேன். "மம், தட்ஸ் ஸோ சாட்!" என்றாள்.

கவலை என்ன? என் அம்மா அமெரிக்காவில் பிறந்திருந்தால் பெரிய கோச்.

உங்கள் வீட்டு அலுமாரிக்குள் எது பூட்டிக் கிடந்தது?