டிஸ்க்கால் முடியுமாம்... அதனால் என்ன?

போன வாரம் எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்ட?

என் மனைவி கோமதி, கரமனையில் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறாள். அடுத்த தெரு செண்பகம் அக்காவின் மகள் கல்யாண வீடியோவும் இவளிடம்தான் வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை. லீவு கிடைக்காமல் மகள் கல்யாணத்துக்கே வர முடியாதவர். அன்று மாலை விமானத்தில் அக்கா அவரிடம் போகிறார் — கையோடு வீடியோவையும் கொண்டுபோக வேண்டும்.

வீடியோ இருந்த டிஸ்க் பழசு. ஒரே மூச்சில் நிறையக் கேட்டால் திணறி நின்றுவிடும். அது தெரிந்துதான், ஒரு தடவைக்கு இவ்வளவுக்கு மேல் கேட்காதே என்று கம்ப்யூட்டரில் ஒரு வரம்பு வைத்திருந்தாள் கோமதி. காலை முழுக்க ஒழுங்காக ஓடியது. சாப்பிடப் போனோம், கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது. வந்து எழுப்பி, பென் டிரைவில் காப்பி போட்டாள்... பாதியில் டிஸ்க் நின்றுவிட்டது!

வாசலில் டாக்சி. "முடிஞ்சுதா மக்ளே? வண்டிக்காரன் ஹாரன் அடிச்சே கொல்லுதான்" என்று அக்கா தவித்தார். வேறு வழி? காப்பியாகியிருந்த பகுதிகளை மட்டும் கொடுத்தனுப்பினோம். கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது.

கம்ப்யூட்டர் வாங்கிய கடையின் மலையாளி சர்வீஸ் ஆளுக்கு போன் போட்டேன்.

"தூங்கி எழும்பினா, டிரைவர் சாஃப்ட்வேர் டிஸ்க்க புதுசா விசாரிக்கும் சாரே. ஒரு தடவைக்கு எத்தன முடியும்னு அது சொல்லுறத, நீங்க வரம்பு வச்ச இடத்துல எழுதும். அப்போ உங்க செட்டிங் போயிரும், கேட்டோ?"

"நாங்க வச்சத அது ஏன் அழிக்கணும்?"

"ரெண்டுக்கும் இடம் ஒண்ணுதானே? டிஸ்க்குக்கு அத்தன முடியுமல்லோ... பின்னே எந்தா பிரஷ்னம்?"

என்ன பிரச்னையா? எனக்கு வந்த கோபத்துக்கு...

டிரைவர் என்பது டிஸ்க்கையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கும் ஒரு மென்பொருள். டிஸ்க்கால் எவ்வளவு முடியும் என்று விசாரிப்பது அதன் வேலை. விசாரிக்கட்டும், ஓரமாக எழுதி வைக்கட்டும். அதில் எவ்வளவு போதும் என்பது கோமதியின் முடிவு. அதற்குத் தனி இடம் கொடு. இரண்டில் எது குறைவோ, அதன்படி நட. ராக்கெட் விடும் எங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது!

விருந்தில் பாயசம் போதும் என்று கை காட்டுகிறீர்கள். பரிமாறுகிறவர் உள்ளே போய்த் திரும்பி, 'வாளியில் நிறைய இருக்கே' என்று மறுபடி ஊற்றினால் சும்மா இருப்பீர்களா? இந்த மெஷின்கள் மட்டும் நம் வாய்ச்சொல்லை அழித்துவிட்டு, அழித்ததைச் சொல்லக்கூட மாட்டேன் என்கின்றன.

மறுநாள் மாலை, வரம்பைத் திரும்ப வைத்து எடுத்த மீதிப் பகுதிகளை கோமதி நெட்டில் அனுப்பிக்கொண்டிருந்தாள். அது ஊர்ந்துகொண்டிருந்தது. மஸ்கட்டிலிருந்து அக்கா கூப்பிட்டார்.

"மாப்பிள்ள தாலிய கையில எடுக்கது வரைக்கும் அவரு பாத்துட்டாரு. பொறவு எங்கன்னு கேக்காரு. என்ன சொல்லட்டும்?"

என்ன சொல்ல... அந்த டிஸ்க்கால் முடியும் என்றா?