மணலில் விழுந்த சேமியா ஐஸ்

முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு எடுத்துப் போக என்னிடம் உருப்படியாக ஒரு பாவமும் இல்லையே என்று எட்டு வயதில் நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். நன்மை என்கிற நற்கருணையை முதன்முதலாக வாங்கப் போகிறவர்களுக்கான புதுநன்மை வகுப்பில் மற்ற பிள்ளைகள் ரப்பர் திருடியிருந்தார்கள், அப்பாவின் கையெழுத்தைத் தாங்களே போட்டிருந்தார்கள். நான் ஜெபத்தில் பராக்குப் பார்த்ததோடு சரி. அதைக் குருவானவரிடம் சொல்ல ஒரு வரிசையில் நிற்க வேண்டுமா என்று வெட்கமாக இருந்தது. அப்போது பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றம் வந்தது. பெரிய பாவமாகவே கிடைத்துவிட்டது.

மயிலாப்பூரிலிருந்து நடந்தே போவது எங்கள் வீட்டு வழக்கம். எல்லாரும் காவி உடுத்தியிருந்தோம். இரண்டு வயது நிரம்பாத தம்பிக்குக்கூட அம்மா காவியில் ஒரு சட்டை தைத்திருந்தாள். அவனுக்கான இட்லி, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், அவனுடைய சின்ன எவர்சில்வர் டம்ளர் எல்லாம் பையில் எங்களோடு வந்தன. தாய்ப்பாலை விட்ட நாளிலிருந்து அவனுக்கு அந்த டம்ளர்தான். அதன் விளிம்பைக் கடித்துக் கடித்தே பல் முளைத்தவன்.

அப்பாவும் அம்மாவும் மெழுகுவத்தி வரிசையில் நிற்கப் போகும்போது, கண்ணில் படுகிற தூரத்தில் எங்கள் இருவரையும் உட்கார வைத்துவிட்டு, எனக்கு மட்டும் ஒரு சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தார்கள். “தம்பிக்குக் குடுத்துடாத” என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். பாதி தின்றபோது அது கைநழுவி மணலில் விழுந்தது. எடுத்து ஊதினேன், பாவாடையில் துடைத்தேன். அப்படியும் மணல் போகவில்லை. தின்ன மனசு வரவில்லை, எறியவும் மனசு வரவில்லை. தம்பி கையை நீட்டினான். கொடுத்துவிட்டேன். நான் வேண்டாம் என்று ஒதுக்கியதை அவன் சப்புக்கொட்டித் தின்றான். வாயைத் துடைத்துவிட்டு, குச்சியை மணலுக்குள் ஆழமாகப் புதைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அவன் கக்க ஆரம்பித்தான். மதியத்துக்குள் வயிற்றாலும் போயிற்று, உடம்பு கொதித்தது. சாயந்திரம் டாக்டரிடம் போனோம். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “வெளியில ஏதாவது வாங்கிக் குடுத்தீங்களா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமே இல்ல டாக்டர். வீட்லேர்ந்து எடுத்துட்டுப் போன இட்லிதான்” என்றாள் அம்மா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லாமல் இருந்ததற்கு அடி விழும் என்ற பயம் பாதிக் காரணம். மீதிக் காரணம் புதுநன்மை வகுப்பு. நாம் சொல்லும் பாவத்தைத் தலையை வெட்டினாலும் குருவானவர் வெளியே சொல்லமாட்டார் என்று வகுப்பு எடுத்த சிஸ்டர் சொல்லியிருந்தார். அவரே சொல்லக்கூடாத விஷயத்தை நான் ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? நாளை சனிக்கிழமை. நாலு மணிக்குப் பாவசங்கீர்த்தன வரிசை. அங்கே சொன்னால் பாவம் போய்விடும், பாவம் போனால் காய்ச்சலும் போய்விடும். அதுவரை வாயைத் திறக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை தம்பி அழுவதைக்கூட நிறுத்திவிட்டான். அழாத தம்பியைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. கண் உள்ளே போயிருந்தது, உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. மதியம் மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் அவன் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுவிட்டுப் பார்த்தார். அது மெதுவாகத்தான் இறங்கியது.

“ஒண்ணுக்கு எப்ப போனான்?”

“காலைல ஆறு மணிக்கு, டாக்டர்.”

“உப்பு சர்க்கரைப் பொடியைப் பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுத் தண்ணியில கரைச்சு, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் குடுங்க. கக்கினா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடியும் குடுங்க. சாயந்திரம் ஆறு மணிக்குள்ள ஒண்ணுக்குப் போகலைன்னாலோ, இன்னும் துவண்டாலோ, யோசிக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க. டிரிப்ஸ் ஏத்தணும்.”

ஆஸ்பத்திரி என்றால் எனக்கு அப்போது ஒரே அர்த்தம்தான். அதற்கு முந்தின வருஷம் தாத்தா அங்கே நடந்து போய், பெட்டியில் திரும்பி வந்திருந்தார். ஆகவே தம்பிக்கு ஆறு மணிவரைதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

மூன்றரை மணிக்கு, சிஸ்டர் சொல்லியிருந்த வெள்ளை கவுனைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அம்மா ஸ்பூனும் கையுமாக நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கடி கெளம்பிட்ட?”

“பாவசங்கீர்த்தனத்துக்கு.”

“தம்பி கெடக்குற கெடப்பப் பாத்தியா? அது எங்கயும் ஓடிப் போவாது. அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

நான் தரையில் விழுந்து கத்தினேன். காரணம் சொல்ல முடியாத கத்தல் என்பதால் இன்னும் பலமாகக் கத்தினேன். அப்பாதான், “விடு, போயிட்டு வரட்டும். இது வேற நடுவுல” என்றார். எங்கள் பங்குக் கோயில் இரண்டு தெரு தள்ளித்தான். கீழே, தெருமுனை ஆட்டோ அண்ணன் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தார். “இன்னா பாப்பா, தம்பி எப்டி கீறான்? அப்பாகிட்ட சொல்லு, வண்டிய திருப்பிப் போட்டு வச்சிகினு கீறேன்னு” என்றார். நான் நிற்காமல் ஓடினேன்.

உயர வரிசைப்படி நிற்க வைத்திருந்தார்கள். வகுப்பில் நான்தான் நெட்டை என்பதால் கடைசி. ஒவ்வொரு பிள்ளையும் திரைக்குப் பின்னால் போய்க் கதைகதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ரப்பர் திருடியதைச் சொல்ல இவ்வளவு நேரமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. என் முறை வந்தபோது ஐந்தே காலுக்கு மேல் ஆகிவிட்டது. மனப்பாடம் செய்திருந்த வாசகம் ஒன்றும் வாயில் வரவில்லை.

“சாமி, என் தம்பி சாவப்போறான்” என்றேன்.

குருவானவரின் வயதான குரல் ஒவ்வொன்றாகக் கேட்டது. ஐஸ், மணல், பாவாடை, புதைத்த குச்சி, டாக்டர் சொன்ன ஆறு மணி, எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீ இங்க ஏம்மா நிக்கிற? ஓடு. அம்மாகூட உக்காந்து தம்பிக்கு ஸ்பூன்ல தண்ணி குடு. அதான் உனக்குப் பரிகாரம்.”

“எத்தனை ஸ்பூன், சாமி?”

“அவன் ஒண்ணுக்குப் போற வரைக்கும்.”

மன்னிப்பு ஜெபத்தை அவர் சொல்லி முடித்ததும் ஓடினேன். வீட்டில் பை கட்டி வாசலில் வைத்திருந்தது. பையின் மேலேயே அந்த டம்ளர் இருந்தது. அம்மா தம்பியை மடியில் வைத்து ஸ்பூனால் கொடுத்துக்கொண்டிருந்தாள். “நான் குடுக்கிறேம்மா” என்று தம்பியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். அதிசயமாக அவள் விட்டுக்கொடுத்தாள்.

ஒரு ஸ்பூன். அப்பா செல்போனில் இரண்டு நிமிஷம் பார்த்துச் சொன்னார். இன்னொரு ஸ்பூன். ஐந்தாவது ஸ்பூனில் அவன் அத்தனையையும் கக்கினான். இனிப் பத்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷம் மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடியும் ஒரு ஸ்பூன் கொடுத்தேன், விழுங்கினான். இன்னொன்று கொடுத்தேன். கீழேயிருந்து, “சார், போலாமா?” என்று ஆட்டோ அண்ணன் குரல் வந்தது. அடுத்த ஸ்பூன் வாயில் இருக்கும்போதே கோயிலில் ஆறு மணி ஜெபத்துக்கு மணியடித்தது.

“போதும், கெளம்பலாம்” என்று அப்பா குனிந்து அவனைத் தூக்கினார். என் மடி வெதுவெதுப்பாக இருந்தது. கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் கிண்ணம் தரையில் அப்படியே இருந்தது.

“அம்மா, கவுன்” என்றேன்.

அம்மா தொட்டுப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். பிறகு அந்த ஈரத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா பால்கனிக்கு ஓடிப்போய், “ஒண்ணுக்குப் போயிட்டாம்பா!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். “அப்டிப் போடு! மாதா கண்ணத் தொறந்துட்டாங்க சார்!” என்று கீழேயிருந்து பதில் வந்தது.

காய்ச்சல் ஞாயிற்றுக்கிழமைதான் இறங்கியது. அன்று அம்மா என் கவுனைத் துவைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய் நின்று ஐஸ் விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கிடைத்துவிட்ட பாவம்தானே என்ற தைரியம். அம்மா குழாயை மூடினாள். என்னை வெகுநேரம் பார்த்தாள். அடிதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஐஸ்னால ஒண்ணும் இல்லடி” என்றாள். “அன்னைக்குக் காலைல பால் புட்டிய வென்னீர்ல போடாம, அவசரத்துல அப்படியே பால ஊத்திக் குடுத்துட்டேன். அதான். என் தப்புதான்.”

எனக்கு வந்தது நிம்மதி மட்டுமில்லை, கொஞ்சம் ஏமாற்றமும்தான். நான் பாடுபட்டு வரிசையில் நின்று சொன்ன பாவம் என்னுடையதே இல்லையா? ஆனாலும் பெருந்தன்மையாக அம்மாவை மன்னித்தேன். “நீயும் சாமிகிட்ட சொல்லிடும்மா” என்று புத்தியும் சொன்னேன். அடுத்த ஞாயிறு பூசையில் எல்லாரும் நன்மை வாங்க எழுந்து போனபோது, அம்மா மட்டும் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். பாவத்தைச் சொல்லாமல் நன்மை வாங்கக்கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். புட்டி விஷயத்தை இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவளுக்காக மூன்று ‘அருள்நிறைந்த மரியே’ ஜெபம் சொன்னேன்.

போன மாதம் என் மகளுக்கு இதே போல வந்தது. அவளுடைய பால் புட்டியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் பால் புட்டி என்று ஒன்று இருந்ததே இல்லை.